ஏழு பேர் ஆமென் சொன்ன கடிதம்

பிரைவசி என்ற ஆங்கிலச் சொல் என் காதில் முதலில் விழுந்தது ஒரு வசவாகத்தான். பெரியாற்றுக்குக் குறுக்கே அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறிய ஆட்களோடு நானும் ஏறியிருந்தேன். அவர்கள் கல் சுமந்தார்கள், சுண்ணாம்பு குழைத்தார்கள். நான் ரைட்டர். துரை சொல்வதை ஆட்களுக்குத் தமிழிலும், ஆட்கள் சொல்வதைத் துரைக்கு இங்கிலீஷிலும் சொல்ல வேண்டும். மதுரையில் கிறிஸ்தவச் சாமியார்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ் அதற்குப் போதும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலையில் எங்கள் ஊர் ஆட்கள் நான்கு பேர் லீவு கேட்க வந்தார்கள். துரை கூடாரத்துக்குப் பின்னால் கித்தான் துணி கட்டிய மறைப்புக்குள் குளித்துக்கொண்டிருந்தார். நான் கித்தானை விலக்கி, "சார், லீவு கேட்க வந்திருக்கிறார்கள்" என்றேன். என் தோளுக்கு மேலே நான்கு தலைகள் எட்டிப் பார்த்தன. துரை சோப்பு நுரையோடு திரும்பி, இந்தக் காட்டில் ஒரு மனிதனுக்கு பிரைவசி என்பதே கிடையாதா என்று கத்தினார். நான் அதை ஆட்களுக்குச் சொல்ல வேண்டுமே. எனக்கு வார்த்தை வரவில்லை. "துரை குளிக்கிறாக, பெறகு வாங்க" என்றேன். "குளிச்சா என்னவாம்? நாங்க என்ன முதுகு தேய்க்கவா வந்தோம், காதுதான சும்மா இருக்கு" என்றார் ஒருவர். அதையும் துரைக்குச் சொல்லவில்லை.

அன்று முழுக்க அந்தச் சொல் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. எனக்கு ஒரு கெட்ட குணம். தெரியாத சொல் ஒன்று கையில் சிக்கினால் அதைப் பல்லிடுக்கில் மாட்டிய பாக்குத் துணுக்கு மாதிரி நாக்கால் நெருடிக்கொண்டே இருப்பேன். பள்ளிக்கூடத்தில் பரிசாகக் கொடுத்த அகராதியைப் புரட்டினேன். ஏகாந்தம், தனிமை, இரகசியம், மறைவு என்று வரிசையாக இருந்தன. எனக்குக் கோபம் வந்தது. ஏகாந்தம் சந்நியாசிக்கு. தனிமை நாதியற்றவனுக்கு. இரகசியம் என்றாலே அங்கே ஏதோ தப்பு நடக்கிறது. மறைவு காலைக்கடனுக்கு. துரை கேட்டது இதில் எது? அவர் சந்நியாசியும் இல்லை, தப்பு ஒன்றும் செய்யவும் இல்லை. குளித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

சில நாள் கழித்து அவர் நல்ல மனநிலையில் இருந்தபோது கேட்டே விட்டேன். அவர் சிரித்துக்கொண்டே மேஜை மேல் விரித்துக் கிடந்த ஒரு கடிதத்தைக் காட்டினார். அவருடைய சம்சாரம் சீமையிலிருந்து எழுதியது. "இது திறந்து கிடக்கிறது. உன் கண் இதன் மேல் பட்டுக்கூட இருக்கும். ஆனாலும் நீ இதைப் படிக்கவில்லை. அதுதான்" என்றார். நான் படித்திருந்தேன். முதல் நான்கு வரி. ஆனாலும் தலையை ஆட்டினேன்.

அந்தக் கடிதம் வந்த அன்று அவர் செய்ததையும் பார்த்திருந்தேன். தபால் பையிலிருந்து அதை எடுத்தவர் உடைக்காமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மரங்களுக்கு அந்தப் பக்கம் தனியாகப் போனார். கொஞ்ச நேரம் கழித்து மடித்தபடி கொண்டுவந்தார். எங்கள் ஆட்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். "தனியாப் போய் வாசிக்கிறாகன்னா சாவுச் சேதிதான். பாவம், துரைக்கு ஆத்தா செத்துட்டாக போல" என்று பேசிக்கொண்டார்கள். ஒருவர் போய்த் துக்கம் விசாரிக்கலாமா என்றுகூடக் கேட்டார்.

அவர்கள் அப்படி நினைத்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் கடிதத்தின் மூலையில் மஞ்சள் இருந்தால் கல்யாணம், கரி இருந்தால் சாவு. கரி தடவிய கடிதத்தை மட்டும்தான் ஒருவன் ஒதுங்கி நின்று பிரிப்பான். மற்ற எல்லாக் கடிதமும் சத்தமாக, பத்துப் பேர் நடுவில் வாசிக்கப்பட வேண்டியவை. ஒருவனுக்கு வந்த கடிதத்தில் எல்லோருக்கும் சேதி இருக்கும். இன்னார் வீட்டு மாடு கன்று போட்டது, இன்னார் மகளுக்கு அம்மை இறங்கிவிட்டது, இன்னாரைக் கேட்டதாகச் சொல்லவும். அதைத் தனியாகப் படிப்பது பந்தியில் உட்கார்ந்து இலையை மூடிக்கொண்டு தின்பது போல.

மலையில் எங்கள் கொட்டகையில் நானும் எங்கள் ஊரான ராயப்பன்பட்டிக்காரர்கள் ஏழு பேரும் இருந்தோம். எல்லோரும் ஒரே மாதா கோவில், ஒரே தெரு, எப்படியோ சுற்றி வளைத்து உறவு. அவர்களில் ஒருவருக்கும் எழுத்து தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செபம் சொல்லி முடித்ததும் நான் நடுவில் உட்கார, அவர்கள் என்னைச் சுற்றி உட்காருவார்கள். வந்த கடிதங்களை ஒன்றொன்றாக உடைத்து வாசிப்பேன். சும்மா வாசிப்பதில்லை, ஒரு இராகம் உண்டு. கோவிலில் சாமியாருக்கு உதவியாயிருக்கும் உபதேசியார் வேத நிருபம் வாசிப்பாரே, அந்த இராகம். அதில் எனக்குப் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. வேறு கொட்டகை ஆட்கள்கூடக் கேட்க வருவார்கள்.

ஊரிலும் அதே கதைதான். மலையிலிருந்து போகும் கடிதங்களை உபதேசியார் ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் வாசலில் நின்று வாசிப்பார். பெண்கள் முக்காட்டைக் கூட எடுக்காமல் நின்று கேட்பார்கள். பதிலையும் அவரே அங்கேயே எழுதிக்கொள்வார். வீட்டுக்காரி சொல்லச் சொல்ல எழுதுவதாகப் பேர். உண்மையில் சுற்றி நிற்கும் இருபது பேரும் சொல்வார்கள், அவள் நடுவில் நிற்பாள்.

என் மனைவிக்கும் எனக்கும் கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. என் ஆத்தா வாய்விட்டு ஒன்றும் சொல்ல மாட்டாள். ஆனால் பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு அதனிடம் எல்லாவற்றையும் சொல்வாள். "எங்க வீட்டுல ஒனக்கு வெளையாட ஆளு இல்லடா" என்பாள், உள்ளே கேட்கும்படி. தெருவில் யாருக்காவது வளைகாப்பு என்றால் என் மனைவிக்கு அன்று தலைவலி வரும். அது தலைவலி இல்லை என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் நான் கேட்டதில்லை.

இவ்வளவு தெரிந்த நான் அந்த ஆடியில் என்ன செய்தேன் என்றால், ஊருக்குக் கடிதம் எழுதும்போது, 'வீட்டில் ஏதாவது விசேஷம் உண்டா' என்று ஒரு வரி சேர்த்து எழுதினேன். ஆசையில் எழுதியதுதான். உபதேசியார் அதையும் அதே இராகத்தில் கோவில் வாசலில் வாசித்தார். பதில் வந்தது: 'சர்வேசுரன் கிருபையால் இங்கு யாவரும் சுகம்.' அதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு சொல் கிடையாது. எல்லாக் கடிதமும் அப்படியே. இவளுக்கு என்னிடம் சொல்ல ஒன்றுமே இல்லையா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

ஆடிக் கடைசியில் வரும் மாதா பரலோகத் திருநாளுக்கு லீவில் ஊருக்கு வந்தேன். வந்த இரண்டாம் நாள், ஆத்தா தோட்டத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவள் என் முன்னால் வந்து நின்றாள். அப்படி அவள் நிற்கிறவள் இல்லை.

"அதையா கோவில் வாசல்ல வச்சுக் கேப்பீக?"

"எத?"

"விசேஷம் உண்டான்னு. உபதேசியாரு வாசிச்சுப்பிட்டு என் மூஞ்சிய பாக்காக. தெருவே என் வயித்தப் பாக்குது. நான் எங்கன போயி ஒளிய?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. வெட்கம் வந்தால் நான் பேச ஆரம்பித்துவிடுவேன், அது என் வழக்கம். துரையின் கதையைச் சொன்னேன், குளித்தது, கத்தினது, கடிதம் எல்லாம். பிரைவசி என்று ஒரு சொல் இருக்கிறது என்றேன். அகராதியில் இருந்த நாலு அர்த்தமும் தப்பு என்று விளக்கினேன். அவள் கடைசி வரைக்கும் கேட்டாள்.

"அப்ப அதுக்கு என்னதான் அர்த்தம்?"

"ஒருத்தர் மனசுல இருக்கிறத அவுகளாச் சொன்னாத்தான் உண்டு. அவுக யாருக்குச் சொன்னாகளோ அவுகளோட நிக்கணும். மத்தவுக தொடக்கூடாது."

"அது துரைமாருக்கு மட்டுந்தானா, நமக்கும் உண்டா?" என்று கேட்டாள்.

நான் சிரித்தேன். ஒரு மனிதன் தன் வாழ்நாளில் சிரித்த சிரிப்பில் ஏதாவது ஒன்றைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றால் நான் அதைத்தான் வாங்குவேன். சிரித்துவிட்டு, "எழுதப் படிக்கத் தெரிஞ்சா ஒனக்கும் உண்டு" என்றேன். நாலு நாளில் மலைக்குத் திரும்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. வீட்டில் ஒரு செபப் புத்தகம் இருந்தது. அதிலிருந்த செபங்கள் எல்லாம் அவளுக்குச் சிறுவயதிலிருந்தே மனப்பாடம். எந்தப் பக்கத்தில் எந்தச் செபம் என்பது படங்களை வைத்துத் தெரியும். அவள் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வாயால் செபத்தைச் சொல்லிக்கொண்டே, விரலை எழுத்தெழுத்தாக நகர்த்தியிருக்கிறாள். சொல்லும் எழுத்தும் ஒன்றோடொன்று பொருந்துகிற இடத்தைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து அடுத்த எழுத்து. ஆத்தா பார்த்தால் செபம் பண்ணுகிறாள் என்று நினைத்துக்கொள்வாள். அடுப்புக் கரியால் தரையில் எழுதி, உடனே சாணம் போட்டு மெழுகிவிடுவாளாம். மூன்று மாதத்தில் எழுதக் கற்றுக்கொண்டாள். ஆனால் செபத்தில் இருக்கிற வார்த்தைகள்தான் அவளுக்கு எழுத வந்தன.

கார்த்திகை மாதம், ஒரு ஞாயிறு. மலையில் மூன்று நாளாக விடாத மழை அன்றைக்குத்தான் விட்டிருந்தது. தபால்காரர் கொண்டுவந்த கடிதக் கட்டுக்குள் என் பேருக்கு ஒன்று இருந்தது. ஒட்டிய உறையின் மேல்விலாசம் மட்டும் உபதேசியார் கையெழுத்து. உள்ளே பிரித்தால் கோணல்மாணலாக, ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு அளவில். கொட்டகையில் எல்லோரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"உபதேசியாருக்குக் கை நடுக்கமா?" என்றார் ஒருவர்.

"அவுக பேரப்பயல விட்டு எழுதச் சொல்லியிருப்பாக. வாசிங்கண்ணே" என்றார் இன்னொருவர்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். அவளாக இருக்கும் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு வழக்கமான இராகத்தில் ஆரம்பித்தேன். இன்றைக்கும் எனக்கு அது எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது.

'சர்வேசுரனுக்குத் தோத்திரம் உண்டாவதாக. மாதாவே, பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும். என் வயிற்றின் கனி என்னை விட்டுப் போனது. மூன்று மாதம் என்னோடே இருந்தது. ஒருவரும் அறியார்கள். நீர் ஒருவரே இதை அறிவீர். இது என் கையினால் எழுதினது.'

எல்லாக் கடிதமும் இப்படித்தான் தோத்திரத்தில் ஆரம்பிக்கும். அதனால் நாக்கு தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கனி என்ற இடத்திலும் நிற்கவில்லை, போனது என்ற இடத்திலும் நிற்கவில்லை. மூன்று மாதம் என்றபோது ஏதோ இடறியது. அதற்குள் இராகம் என்னை அடுத்த வரிக்குத் தள்ளிவிட்டது. கடைசி வரியில், 'என் கையினால்' என்று வாசிக்கும்போதுதான் யாருடைய கை என்று புரிந்தது. அப்போது என் வாய் அதைச் சொல்லி முடித்திருந்தது.

ஏழு பேரும் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஒரே குரலில், "ஆமென்" என்றார்கள்.

நான் கடிதத்தை மடித்தேன். அடுத்த கடிதத்தை எடுத்து வாசித்தேன். அதில் ஒரு பசு காணாமல் போய்க் கிடைத்திருந்தது. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

அவர்களுக்குப் புரிந்ததா, செபம் என்று நினைத்தார்களா? அன்றிலிருந்து எனக்கு இதே வேலை. கல் ஏற்றும் இடத்தில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன். ஒருவர் சிரித்தால் ஏன் சிரிக்கிறார் என்று இருக்கும், சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை என்று இருக்கும். துரை சொன்னதைத் தப்புத் தப்பாகச் சொல்லி இரண்டு முறை திட்டு வாங்கினேன். அவள் வலியில் கிடந்திருப்பாள், யாரிடமும் சொல்லாமல் எழுந்து தண்ணீர் தூக்கப் போயிருப்பாள், இந்த ஒரு காகிதத்தில்தான் அதை இறக்கி வைத்திருக்கிறாள். அதை நான் இராகம் போட்டு வாசித்துவிட்டேன். அழுகை வந்தது. அழக்கூட அந்தக் கொட்டகையில் இடம் கிடையாது. அழுதால் ஏழு பேருக்கும் தெரியும்.

மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் ஒருவரிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். அவர் எனக்கு மாமா முறை. அன்று என் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தவர்.

"மாமா, ஞாயித்துக்கிழம நம்ம வீட்டுக் கடுதாசி வாசிச்சேன்ல..."

"வாசிச்சீகளா மாப்ள? நான் அங்கன இல்லையே. மூக்குப்பொடி வாங்கப் போயிருந்தேன்" என்றார். என் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னார்.

சாயங்காலம் இன்னொருவர், நான் கேட்காமலே, அன்று தனக்குக் காது அடைத்திருந்ததாகச் சொன்னார். அடுத்தவர் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாராம். ஆமென் சத்தம் கேட்டுத்தான் விழித்தாராம். இப்படி ஒவ்வொருவராக வந்து, அந்த இடத்தில் தான் இல்லை என்று சாட்சி சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லோருக்கும் எல்லாம் புரிந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். நான் அவர்கள் காலில் விழுந்திருக்க வேண்டும். எனக்கு வந்ததோ கோபம். என் வீட்டுத் துக்கத்தை என்னிடமிருந்தே ஒளித்து வைக்கிறார்களே என்று ஒரு கோபம், புத்தி கெட்ட கோபம்.

அந்த வாரமே அவர்களில் மூன்று பேர் கிறிஸ்து பிறப்புக்கு முன்னதாகவே லீவு வாங்கிக்கொண்டு ஊருக்கு இறங்கிவிட்டார்கள். ஆண்கள் காது அடைத்துக்கொள்ளலாம். வீட்டுக்குப் போனால் மனைவியிடம் சொல்லாமல் இருப்பார்களா? அவள் கிணற்றடியில் சொல்வாள். கிணற்றடியில் சொன்னது என் ஆத்தா காதுக்கு எட்ட எவ்வளவு நேரம் ஆகும்? 'தங்கின ஒண்ணையும் காப்பாத்தத் தெரியல' என்று ஆத்தா அடுத்த வீட்டுக் குழந்தையிடம் சொல்லப்போவது மலையிலிருந்தே என் காதில் கேட்டது. நான் துரையிடம் ஓடினேன்.

"எதற்கு லீவு?" என்றார்.

காய்ச்சல், திருவிழா, ஆத்தாவுக்கு உடம்பு சரியில்லை என்று வழியெல்லாம் பொய்களை அடுக்கிக்கொண்டு போயிருந்தேன். அவர் முன்னால் ஒன்றும் வரவில்லை. "பிரைவேட் மேட்டர், சார்" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். ஒரு கேள்வி கிடையாது. என் முகத்தைக்கூட ஆராயவில்லை. "ஆஃப் கோர்ஸ்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தச் சொல்லுக்கு இவ்வளவு பலமா என்று எனக்குத் திகைப்பாக இருந்தது. அவரிடம் சொன்னதும் கதவு சாத்திக்கொண்டது. அதே சொல்லை என் வாயாலேயே அவளுக்கு விளக்கியவனும் நான்தான், கதவைப் பெயர்த்து எறிந்தவனும் நான்தான்.

குமுளி மலைப் பாதையில் அட்டைக்கடியோடு ஓட்டமும் நடையுமாக இறங்கினேன். கூடலூரில் தங்கி, மறுநாள் கம்பத்திலிருந்து உத்தமபாளையம் பக்கம் போன ஒரு நெல் வண்டியில் தொற்றிக்கொண்டேன். மாடுகள் ஆடி அசைந்து நடந்தன. வண்டிக்காரரோடு சண்டை போட்டுவிட்டுப் பாதி வழியில் குதித்து நடந்தேன். ஊர் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. வழியில் நின்ற ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்தேன். எல்லோரும், "மலையிலேர்ந்து வந்தாச்சா?" என்று வழக்கம்போலத்தான் கேட்டார்கள்.

ஆத்தா அறுப்புக்குப் போயிருந்தாள். என் மனைவி முற்றத்தில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. என்னைப் பார்த்ததும் சுளகைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

"காகிதம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"எழுத்து புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"தனியாத்தான வாசிச்சீக?"

மலையிலிருந்து இறங்கிய இரண்டு நாளும் நான் இந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டு வந்தேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்று கூடலூரில் முடிவு செய்திருந்தேன். அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை.

"ஆமா. தனியாத்தான்" என்றேன். "மரத்துக்குப் பின்னால போயி வாசிச்சேன்."

அவள் உள்ளே போனாள். அடுக்குப் பானைகளில் மேலே இருந்தவற்றை ஒவ்வொன்றாக இறக்கும் சத்தம் கேட்டது. அடிப்பானையிலிருந்து எடுத்து வந்த மூன்று சாமான்களை என் முன்னால் வைத்தாள். ஒரு துணி முடிச்சில் கறுப்பு உளுந்து மாவு. ஓலைக் கொட்டானில் கருப்பட்டி. ஒரு சின்னக் கலயத்தில் நல்லெண்ணெய். உளுந்தங்களிக்கு வேண்டியது. எங்கள் பக்கத்தில் வயிறும் இடுப்பும் பலம் விட்டுப்போன பெண்ணுக்குக் கொடுக்கிறது அதுதான்.

"முந்தாநாளு மூணு பேரு வந்தாக. தனித்தனியா வந்தாக. ஒருத்தி மாவு, ஒருத்தி கருப்பட்டி, ஒருத்தி எண்ணெய். அத்தை இல்லாத நேரமாப் பாத்து வச்சிட்டுப் போனாக. ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கல. நானும் ஒருத்தருகிட்டயும் சொல்லல." அவள் கலயத்தைக் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தினாள். "மூணு பேரு வீட்டுக்காரரும் ஒங்க கொட்டகையிலேர்ந்துதான் எறங்கி வந்திருக்காக."

நான் தலை குனிந்தேன்.

"சத்தமாவா வாசிச்சீக?"

"சத்தமா."

"எம்புட்டுப் பேரு?"

"ஏழு பேரு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் எதையாவது சொல்லியிருப்பேன். முந்தானையால் சுளகின் விளிம்பைத் துடைத்தாள், அதில் தூசு ஒன்றும் இல்லை. பிறகு, "இன்னும் வச்சிருந்தா எறும்பு ஏறும். இன்னைக்குக் கிண்டிர்றேன்" என்று அவற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

களி வேகும் வாசம் முற்றம் வரை வந்தது. அவள் சூடாக நாலு வாய் தின்னட்டும், அதைப் பார்த்துவிட்டாவது எழுந்து போவோம் என்று உட்கார்ந்திருந்தேன். அவள் சட்டியை இறக்கி எண்ணெய் விடும் நேரத்தில் ஆத்தா வந்துவிட்டாள். மகன் வந்திருக்கிறான் என்று யாரோ வயலில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

"என்ன, களி வாசமா வருது?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி சொன்னாள், "அவுகளுக்குத்தான் அத்தை. மலைக் குளுருல இடுப்பு பிடிச்சிருக்காம்."

"என் அய்யா!" என்று ஆத்தா சட்டியைப் பிடுங்கி என் வட்டிலில் அள்ளி அள்ளி வைத்தாள். நடுவில் குழித்து எண்ணெயை ஊற்றினாள். "ஏலே, எளைச்சுக் கருவாடாப் போயிட்ட. தின்னு."

"அவளுக்கும் கொஞ்சம் வையி ஆத்தா."

"அவளுக்கென்ன, நல்லாத்தான இருக்கா? நீ தின்னு."

நான் மனைவியைப் பார்த்தேன். 'தின்னுங்க' என்பது போல் கண்ணை மூடித் திறந்தாள். நான் வேண்டாம் என்றால் ஏன் என்ற கேள்வி வரும். அவளுக்காக மூன்று பெண்கள் ஒளித்துக் கொண்டுவந்ததை, அவள் முன்னால் உட்கார்ந்து, ஆத்தா எதிரே இருந்து பார்க்கப் பார்க்க, நான் ஒரு வாய் மிச்சமில்லாமல் தின்றேன். தண்ணீர் குடித்துக் குடித்து இறக்கினேன். சட்டியைக் கழுவப் போகிற இடத்தில் அவள் அதன் அடியை விரலால் வழித்து வாயில் வைத்துக்கொள்வதைப் பார்த்தேன்.

ஆத்தாவுக்கு அந்த விஷயம் சாகும்வரை தெரியாது. தெருவில் அத்தனை பெண்களில் ஒருவர்கூட மூச்சு விடவில்லை. அடுத்த இரண்டு வருஷத்தில் எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள், பிறகு ஒரு மகன். என் மனைவி என்னை ஒரு நாளும் குத்திக் காட்டியதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள், நல்லபடியாகவே சொல்வாள்.

ஆனால் அந்த லீவு முடிந்து நான் மலைக்குக் கிளம்பும்போது, இனிமேல் எழுது, சத்தியமாகத் தனியாகவே வாசிப்பேன் என்று கையைப் பிடித்துச் சொன்னேன். "பாப்போம்" என்றாள். அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் தபால் வரும் நேரத்துக்கு நான் கொட்டகையில் இருக்கமாட்டேன். பாதி வழிக்கே போய் நின்று கடிதக் கட்டை வாங்கிப் பிரிப்பேன். மூன்று ஞாயிறு ஒன்றும் இல்லை. நான்காம் ஞாயிறு என் பேருக்கு ஒன்று இருந்தது. மரங்களுக்குப் பின்னால் ஓடினேன். பிரித்த அவசரத்தில் ஓரம் கிழிந்துவிட்டது.

உள்ளே உபதேசியாரின் அழகான கையெழுத்து.

கொட்டகைக்குத் திரும்பினேன். நான் தனியாகப் போனதைப் பார்த்துவிட்டு ஏழு பேரும் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். நடுவில் உட்கார்ந்து கடிதத்தைப் பிரித்து, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தேன்: 'சர்வேசுரன் கிருபையால் இங்கு யாவரும் சுகம்.'